ஐந்து நாளும் ஒரே மை

சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “கொலை வழக்கை இன்ஸ்பெக்டர்தான் விசாரிக்கிறார். அப்புறம் டி.எஸ்.பி.க்கு என்ன வேலை?”

படிக்கிற வேலை. அவர் சம்பவ இடத்தைப் பார்வையிடுவதும் தனிப்படை அமைப்பதும் பேப்பரில் வரும். அவர் கேஸ் டைரியைப் படிப்பது வராது. தகவல் எத்தனை மணிக்கு வந்தது, எப்போது கிளம்பினார், எங்கெங்கே போனார், என்ன தெரிந்தது, எப்போது முடித்தார் என்று விசாரிக்கும் அதிகாரி அன்றன்றைக்கே அதில் எழுதியாக வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 172-ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 192. உதிரித் தாள்கள் ஆகாது. பக்க எண் போட்ட தொகுதியாக இருக்க வேண்டும்.

என் அப்பா ஓர் ஆற்று அணைக்கட்டில் லஸ்கர். காலை, மாலை நீர்மட்டம் பார்த்துப் பதிவேட்டில் குறிப்பார். அவர் காய்ச்சலில் கிடந்தபோது, பதிலுக்கு வந்தவர் ஐந்து நாள் கணக்கை ஒரே மூச்சில் எழுதிவிட்டார். இன்ஜினியர் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஐந்து நாளும் ஒரே மை. “புதன்கிழமை ராத்திரி பெய்த மழை எங்கேப்பா?” என்றார்.

நல்ல டி.எஸ்.பி. டைரியை அப்படித்தான் படிப்பார். ஒன்பது மணிக்கு ஓர் ஊரில் சாட்சியை விசாரித்ததாக இருக்கும். அதே ஒன்பதுக்கு வேறோர் ஊரில் மகஜர் போட்டிருக்கும். எது பொய் என்று கேட்பார். தேவைப்பட்டால் விசாரணையைத் தானே எடுத்துக்கொள்ளவும் சட்டம் அவருக்கு அதிகாரம் தருகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளை டி.எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும்.

குற்றப்பத்திரிகை போடுகிற சமயத்தில் மொத்தமாக எழுதிய டைரியில், படிக்காமலே கையெழுத்துப் போடுவது பெரிய அநியாயம். 1993-இல் நமக்குப் பக்கத்துக் கம்மாபுரம் காவல் நிலையத்துக்கு விசாரணைக்குக் கொண்டுபோகப்பட்ட ராஜாக்கண்ணு என்பவர் தப்பி ஓடிவிட்டார் என்றார்கள் போலீசார். ‘எந்த வழியாக ஓடினார்? அப்போது பாரா யார்?’ என்று அன்றைக்கே ஒரு மேலதிகாரி குடைந்திருக்க வேண்டும். ராஜாக்கண்ணுவின் மனைவி உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டு, வழக்கறிஞர் கே.சந்துரு வாதாடிய பிறகே, போலீசாரே ராஜாக்கண்ணுவை அடித்துக் கொன்று உடலை மீன்சுருட்டிப் பக்கம் போட்டது வெளியே வந்தது.

டைரியைப் புகார்தாரர் பார்க்க முடியாது. ஆனால் விசாரணை எதுவரை வந்திருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது புதிய சட்டம். தெரிவிக்காவிட்டால் டி.எஸ்.பி. அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். மனுவின் நகலைப் பத்திரமாக வையுங்கள்.