பயமும் கணக்கும் – 9: மிட்டாய்ப் பையும் நடுத்தெருவும்

அக்டோபர் 31, ஹாலோவீன் அன்று பொழுது சாய்ந்ததும் அமெரிக்காவிலும் கனடாவிலும் பிள்ளைகள் பேயாகவும் சூனியக்காரியாகவும் எலும்புக்கூடாகவும் வேடம் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்பார்கள். அவர்கள் திரும்பி வந்ததும் பையைச் சாப்பாட்டு மேசையில் கொட்டி, ஒவ்வொரு மிட்டாயையும் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பது அந்த இரவின் இன்னொரு சடங்கு. உறை பிரிந்திருக்கிறதா? ஊசி குத்திய துளை தெரிகிறதா? சில ஊர்களில் மருத்துவமனைகளே முன்வந்து இந்தப் பைகளை எக்ஸ்ரே எடுத்துக் கொடுத்திருக்கின்றன. முன்பின் தெரியாத யாரோ மிட்டாயில் நஞ்சு வைப்பார், ஆப்பிளுக்குள் பிளேடு செருகுவார் என்ற பயம் பாட்டியிடமிருந்து பேத்திவரை இறங்கி வந்திருக்கிறது. அந்தப் பயம் தவறான பக்கம் பார்க்கிறது என்பதே என் வாதம். பிள்ளைகளுக்கான ஆபத்து பையில் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் கடக்கும் தெருவில் இருக்கிறது.

டெலவேர் பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட், 1958 முதல் பத்திரிகைகளில் வந்த ஹாலோவீன் மிட்டாய்ச் செய்திகளைத் திரட்டி, ஒவ்வொன்றும் பின்னால் என்ன ஆயிற்று என்று தேடிப் பார்த்தார். அந்நியர் ஒருவர் கண்ணில் பட்ட பிள்ளைகளுக்கெல்லாம் நஞ்சு கொடுத்து, அதனால் ஒரு பிள்ளை இறந்ததாகவோ பலத்த காயமடைந்ததாகவோ அவரால் ஒரு நிகழ்வைக்கூட உறுதிசெய்ய முடியவில்லை. பல செய்திகள் வெறும் புரளி. மறுப்பவர்கள் எடுத்துக்காட்டும் வழக்கு ஒன்று உண்டு. 1974இல் டெக்சாஸ் மாநிலத்தில் ஓர் எட்டு வயதுச் சிறுவன், ஹாலோவீன் இரவில் கிடைத்த இனிப்புப் பொடியைத் தின்று சயனைடு நஞ்சால் இறந்தான். உண்மைதான். ஆனால் அதைக் கொடுத்தவர் அவனைப் பெற்ற தந்தை ரொனால்டு கிளார்க் ஓ'பிரையன். கடனில் மூழ்கியிருந்த அவர் பிள்ளைகள் பெயரில் இன்சூரன்ஸ் எடுத்து வைத்திருந்தார். பழி ஏதோ ஒரு வீட்டு அந்நியர்மேல் விழட்டும் என்று மற்றப் பிள்ளைகளுக்கும் அதே பொடியைக் கொடுத்தார். நல்லவேளை, அவர்கள் தின்னவில்லை. 1984இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்நியரைப் பற்றிய பயத்துக்குச் சாட்சியாக இன்றும் சொல்லப்படும் இந்த வழக்கில், கொலைகாரர் மறைந்துகொள்ளப் பார்த்ததே அந்தப் பயத்துக்குப் பின்னால்தான்.

இனி தெருவுக்கு வருவோம். டொரொன்டோ மருத்துவர் டொனால்டு ரெடல்மையர் உள்ளிட்ட மூவர், 1975 முதல் 2016 வரையிலான 42 ஆண்டுகளின் அமெரிக்கச் சாலை மரணப் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். ஹாலோவீன் அன்று மாலை ஐந்து முதல் நள்ளிரவு வரை இறந்த பாதசாரிகளை எண்ணி, அதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் வரும் அதே நேரத்தோடு ஒப்பிட்டார்கள். ஹாலோவீன் இரவில் பாதசாரி மரணம் 43 சதவீதம் அதிகம். நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கோ பத்து மடங்கு. ஆபத்து உச்சம் தொடுவது மாலை ஆறு மணியை ஒட்டி. டொரொன்டோவிலும் நியூயார்க்கிலும் அன்று சூரியன் மறைவதும் அந்த நேரத்தை ஒட்டித்தான். வேலை முடிந்து வீடு திரும்புபவரின் கண் மங்கலுக்கு இன்னும் பழகியிருக்காது. நிறுத்தி வைத்த இரண்டு வண்டிகளுக்கு நடுவிலிருந்து கறுப்பு அங்கி போட்ட ஆறு வயதுப் பிள்ளை வெளியே வருகிறது. அதன் தலை காரின் முன்மூடிக்குச் சற்று மேலேதான் தெரியும். முகமூடியின் கண்துளை சற்றே நகர்ந்திருக்கிறது. பக்கவாட்டில் வருவது அதற்குத் தெரியாது. அங்கி காலில் தட்டுகிறது. எதிர்வரிசை வீட்டில் பெரிய சாக்லேட் கொடுக்கிறார்கள் என்று அண்ணன் கத்துகிறான். அப்புறம் பிள்ளை இடமும் வலமும் பார்க்குமா?

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். முதலாவது, மரண எண்ணிக்கை சிறியதுதானே என்பது. ஆம், கணக்கிட்டால் ஒரு ஹாலோவீனுக்கு நான்கு உயிர்கள் கூடுதல். கோடிக்கணக்கானோர் தெருவில் இறங்கும் இரவில் இது சிறிய எண்தான்; இதற்காகப் பிள்ளைகளை வீட்டில் பூட்டச் சொல்வது அநியாயம். ஆனால் நஞ்சு மிட்டாயின் கணக்கோடு ஒப்பிட்டால் எந்தப் பக்கம் காவல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. இரண்டாவது, மிட்டாயைச் சோதிப்பதால் என்ன நஷ்டம் என்பது. சோதியுங்கள். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கும், கடின மிட்டாய் தொண்டையில் சிக்கக்கூடிய குழந்தைக்கும் அது அவசியமே. ஆனால் பெற்றோரின் கவனம் அளவுள்ளது. ஒன்பது மணிக்கு மேசையில் காட்டும் எச்சரிக்கையை ஆறு மணிக்குத் தெருமுனையில் காட்டாவிட்டால், கடமை முடிந்தது என்ற பொய்யான நிம்மதிதான் மிஞ்சும்.

காவல்துறைக்கும் இதே கேள்வி உண்டு. மிசோரி மாநிலம் 2008இல் ஒரு சட்டம் இயற்றியது. பாலியல் குற்றப் பதிவேட்டில் உள்ளவர்கள் அன்றிரவு வெளிவிளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், இங்கே மிட்டாய் இல்லை என்று பலகை வைக்க வேண்டும் என்றது அது. வேறு பல இடங்களிலும் இப்படிப்பட்ட கட்டுப்பாடுகள் வந்தன. பிள்ளைகளைக் காக்கும் நோக்கத்தில் யாரும் குறை காண முடியாது. ஆனால் 30 மாநிலங்களில் 1997 முதல் 2005 வரை 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள்மீது குடும்பத்துக்கு வெளியே உள்ளவர்கள் செய்த 67,000க்கும் மேற்பட்ட பாலியல் குற்றங்களை ஆராய்ந்தவர்கள், ஹாலோவீன் அன்று அவை கூடவில்லை என்று கண்டார்கள். அந்த வீடுகளின் கதவைத் தட்டிச் சரிபார்க்கும் காவலர், அதே நேரத்தில் பிள்ளைகள் கடக்கும் சந்திப்பில் நிற்க முடியாது.

குற்றம் நிஜமாகவே நடந்த ஊரில் எது பலித்தது என்பதற்கு டெட்ராய்ட் சான்று. அங்கே ஹாலோவீனுக்கு முந்தைய இரவுக்குப் பிசாசு இரவு என்றே பெயர் இருந்தது. கைவிடப்பட்ட வீடுகளுக்குத் தீ வைப்பது பழக்கமாகி, 1984இல் அந்த இரவை ஒட்டிய சில நாட்களில் 800க்கும் மேற்பட்ட இடங்களில் தீ எரிந்தது. ஊரடங்கு போட்டார்கள், காவலைக் கூட்டினார்கள். இவற்றோடு, பல்லாயிரம் குடிமக்கள் அவரவர் தெருவில் ரோந்து வந்தார்கள். தன்னார்வலர் திரள் குறைந்த 1994இல் தீ மறுபடி பெருகியது. மறு ஆண்டு அந்த இரவுக்குத் தேவதை இரவு என்று பெயர் மாற்றி, பெரும் கூட்டத்தைத் திரட்டினார்கள், தீ தணிந்தது. காலியான வீடுகளை இடித்ததும் ஒரு காரணம்தான். ஆனாலும் ஆள் நடமாட்டம் இருந்த தெருவில் தீ வைப்பவனுக்கு இடமில்லாமல் போனது.

கனடாவின் மார்க்கமிலும் அமெரிக்காவின் எடிசனிலும் இந்தத் தொடரைப் படிக்கும் தமிழ்க் குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள். முகமூடிக்குப் பதில் முகத்தில் சாயம் பூசுங்கள். அங்கியின் முதுகில் ஒளி பிரதிபலிக்கும் டேப் ஒட்டுங்கள், கையில் ஒரு டார்ச் கொடுங்கள். தெருவுக்கு இரண்டு பெரியவர்கள் முறைபோட்டு முனையில் நில்லுங்கள். மாலை ஐந்து முதல் ஒன்பது வரை குடியிருப்புத் தெருக்களில் வாகனங்களைத் தடுக்கும்படி உங்கள் நகர மன்றத்துக்கு இப்போதே எழுதுங்கள். வண்டி ஓட்டுபவர்கள் அன்று ஒரு நாள் ஐந்து மணிக்கு முன்பே வீடு வந்து சேருங்கள்.

(தொடரும்)