பெட்டிக்குள் ஒரு மீட்டர்

ஃபைபர் வலையமைப்பு பற்றிய எந்த அரசு அறிக்கையை எடுத்தாலும் முதலில் வருவது கிலோமீட்டர்தான். இத்தனை லட்சம் கிலோமீட்டர் கேபிள் போட்டாயிற்று, இத்தனை ஊராட்சிகளை இணைத்தாயிற்று என்று கணக்கு ஓடும். 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தேசிய ஒளியிழைத் திட்டம் பின்னாளில் பாரத்நெட் ஆனது. இரண்டரை லட்சம் கிராம ஊராட்சிகள் அதன் இலக்கு. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்காக டான்ஃபினெட் என்று தனி நிறுவனமே இருக்கிறது. கிலோமீட்டர் கணக்கைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பள்ளம் தோண்டியோ கம்பத்தில் கட்டியோ கேபிளைக் கொண்டுபோனால்தான் மற்றதெல்லாம். ஆனால் கேபிள் முடியும் இடத்தில், ஒரு பெட்டிக்குள், உறை உரித்த இழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுருண்டு கிடக்கிறது. பத்து ஆண்டு கழித்து அந்த இணைப்பு எந்த நிலையில் இருக்கும், கெட்டுப்போனால் எவ்வளவு சீக்கிரம் சரியாகும் என்பதில் பெரும் பங்கு அந்த ஒரு மீட்டருக்கு உண்டு. நம் கணக்குப் புத்தகங்களில் அதற்கென்று ஒரு தலைப்புகூட இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் புகார்.

அந்த இழை எத்தனை பாடுபட்டு உருவானது என்று பார்த்தால் இந்த அலட்சியம் இன்னும் உறுத்தும். 1966-ல் இங்கிலாந்தின் ஹார்லோ நகர ஆய்வகத்தில் சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் ஒரு வரம்பை முன்வைத்தார்கள். கண்ணாடியில் ஒளி இழப்பைக் கிலோமீட்டருக்கு 20 டெசிபலுக்குக் கீழே கொண்டுவர முடிந்தால் தொலைத்தொடர்புக்கு அது போதும் என்றார்கள். அன்று கிடைத்த கண்ணாடியில் இழப்பு ஆயிரம் டெசிபல் அளவில் இருந்தது. நான்கே ஆண்டுகளில், 1970-ல், அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் மௌரர், கெக், ஷூல்ட்ஸ் மூவரும் 17 டெசிபலைத் தொட்டுவிட்டார்கள். காவோவுக்கு நோபல் பரிசு வரத்தான் 2009 வரை ஆயிற்று. இன்று கடையில் வாங்கும் சாதாரண இழையில், 1550 நானோமீட்டர் அலைநீளத்தில், இழப்பு கிலோமீட்டருக்கு 0.2 டெசிபல், ஒரு கிலோமீட்டர் கடந்தும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு ஒளி மிஞ்சுகிறது. இப்போது இந்தக் கணக்கைப் பெட்டிக்குள் கொண்டுபோய்ப் பாருங்கள். இழையைச் சுருட்டி வைக்கும் தட்டான ட்ரேயின் மூடியை அழுத்தும்போது ஓர் இழை விளிம்பில் மாட்டி ஒரு டெசிபல் போனால், அது ஐந்து கிலோமீட்டர் கேபிளைக் கூடுதலாகச் சேர்த்ததற்குச் சமம். மூன்று டெசிபல் போனால் பாதி ஒளி போயிற்று.

வளைவில் ஒளி ஏன் கசிகிறது? ஒளி ஓடும் நடுக்கண்ணாடியின் குறுக்களவு சுமார் 9 மைக்ரான். அதைச் சுற்றிய கண்ணாடி உறையையும் சேர்த்தால் 125, மேற்பூச்சோடு 250. நடுக்கண்ணாடிக்கும் உறைக்கும் ஒளிவிலகல் எண்ணில் உள்ள வேறுபாடு நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த மெல்லிய வேறுபாடுதான் ஒளியை உள்ளே பிடித்து வைக்கிறது. இழையை அளவுக்கு மீறி வளைத்தால் பிடி தளர்ந்து ஒளி உறைக்குள் வழிந்துவிடும். அலைநீளம் கூடக் கூட இந்தக் கசிவும் கூடும். அதனால்தான் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.652 தரம், இழையை 30 மில்லிமீட்டர் ஆரத்தில் நூறு சுற்று சுற்றினாலும் 1625 நானோமீட்டரில் இழப்பு 0.1 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது. ஸ்ப்ளைஸ், அதாவது இழைகளை ஒட்டிய இணைப்பு, இருக்கும் ட்ரேக்குள் இழை ஓடும் வளைந்த தடமும், கருவிகளை அடுக்கும் ராக்கின் ஓரத்தில், அவற்றை இணைக்கும் குட்டை வடமான பேட்ச் கார்டைச் சுற்றிவிட வைத்திருக்கும் வட்டக் குமிழ்களும் அந்த 30 மில்லிமீட்டரை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அவற்றை அழகுக்காக வைத்த பிளாஸ்டிக் என்று எண்ணித் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு இழப்பு எங்கே என்று தேடும் ஓடிடிஆர் கருவியோடு அலைகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் வளைவு ஒரு வகை. பிளாஸ்டிக் டையை இறுக்கி இழுக்கும்போது உண்டாகும் நுண்ணிய நெளிவு இன்னொரு வகை. பார்த்தால் நேராகத்தான் இருக்கும், ஒளி மட்டும் குறையும். வெல்க்ரோ பட்டை போடச் சொல்வது இதற்காகத்தான்.

வீட்டு இணைப்பில் இந்த இழப்புக்கு இடம் எவ்வளவு இருக்கிறது? நம் வீடுகளுக்கு வரும் ஜிபான் முறையில், பரவலாகப் புழங்கும் பி பிளஸ் வகுப்பில், மொத்தம் தாங்கக்கூடிய இழப்பு 28 டெசிபல். ஓர் இழையை 32 வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரே சுமார் 17 டெசிபலை எடுத்துக்கொள்ளும். இருபது கிலோமீட்டர் தூரம் என்றால் 1310 நானோமீட்டரில் இன்னொரு ஏழு போகும். மிஞ்சுவது நான்கு. எல்லாக் கனெக்டர்களும் எல்லா ஸ்ப்ளைஸ்களும் வருங்காலத்தில் வரப்போகும் பழுதுபார்ப்புகளும் இந்த நான்குக்குள் அடங்க வேண்டும். நல்ல ஃபியூஷன் ஸ்ப்ளைஸில் இழப்பு 0.1 டெசிபலுக்குள் நிற்கும் என்பதால் ஒட்டும் வேலை இங்கே பிரச்சினையே அல்ல. இன்றைய ஸ்ப்ளைசிங் மிஷின் அதைத் தானே பார்த்துக்கொள்ளும், திரையில் எண்ணையும் காட்டும். ஒட்டி முடித்த இழையை ட்ரேயில் சுருட்டி வைக்கும் அடுத்த இரண்டு நிமிடத்தைத்தான் எந்த மிஷினும் பார்த்துக்கொள்வதில்லை.

இன்னொரு சிக்கல், இந்தத் தவறு உடனே தெரிவதில்லை. ஜிபானில் இறங்கு திசைக்கு 1490, ஏறு திசைக்கு 1310 நானோமீட்டர். கொஞ்சம் நெருக்கமாக வளைந்த இழை இந்த அலைநீளங்களில் சமாளித்துவிடும். வாடிக்கையாளர் வீட்டில் பச்சை விளக்கு எரியும், பில் பாஸாகிவிடும். அதே இழையில் பத்து கிகாபிட் வேகம் தரும் எக்ஸ்ஜிஎஸ்-பான் வரும்போது இறங்கு திசை 1577 நானோமீட்டருக்குப் போகிறது. முன்பு மறைந்திருந்த வளைவு அப்போதுதான் தலைகாட்டும். பெட்டியைத் திறந்தவர் புதுக் கருவியைச் சந்தேகிப்பார், கேபிளைச் சந்தேகிப்பார். எத்தனையோ ஆண்டுக்கு முன் மூடிய ட்ரேயைச் சந்தேகிக்க அவருக்குக் காரணம் இருக்காது. ஒரே இழையை இரண்டு அலைநீளங்களில் அளந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். மோசமான ஸ்ப்ளைஸ் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே இழப்பைக் காட்டும். வளைவு என்றால் நீண்ட அலைநீளத்தில் இழப்பு பாய்ந்து ஏறும்.

வளைத்தாலும் ஒளி கசியாத இழை வந்துவிட்டதே, இனி எதற்கு இந்தக் கவலை என்று கேட்பார்கள். வலுவான கேள்விதான். 2006-ல் முதலில் வெளிவந்த ஜி.657 தரத்து இழைகளில் சில 7.5 மில்லிமீட்டர் ஆரம் வரை தாங்கும், சில 5 வரைகூட. சுவர் மூலையில் ஆணியடித்து ஓட்டலாம். ஆனால் அந்தக் கண்டுபிடிப்பு ஒளியைக் காப்பாற்றியதே தவிர, கண்ணாடியின் இயல்பை மாற்றவில்லை. 125 மைக்ரான் கண்ணாடியை 30 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைத்தால் அதன் வெளிப்புறம் 0.2 விழுக்காடு நீள்கிறது, 7.5-ல் 0.8 விழுக்காடு, 5-ல் 1.25. தொழிற்சாலையில் இழையை இழுத்துச் சோதிக்கும்போது அது தாங்கிக் காட்டுவது சுமார் ஒரு விழுக்காடு, அதுவும் கண நேரத்துக்கு. ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் இழுவை அதில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும் என்பது துறையில் வழங்கும் பழைய விதி. அந்த ஐந்தில் ஒரு பங்கு நம்மை மறுபடியும் 30 மில்லிமீட்டரிலேயே கொண்டுவந்து நிறுத்துகிறது. கண்ணாடியின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் எப்போதும் உண்டு. இழுவையும் ஈரமும் சேர்ந்தால் அவை மெல்ல வளரும். நம் கடலோர ஊர்களில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. சில சென்டிமீட்டர் நீளமே வளைந்திருந்தால் அந்தத் துண்டில் பெரிய கீறல் இருக்க வாய்ப்பு குறைவு என்பதால், மூலையில் ஒன்றிரண்டு வளைவுகளைத் தரமே அனுமதிக்கிறது. அந்த அனுமதியைச் சுருள் முழுவதற்கும் நீட்டிக்கொள்ள முடியாது. பழைய இழை தவறாக வளைந்தால் ஒளி குறைந்து எச்சரிக்கும். புதிய இழை எச்சரிக்காது. முறியும் நாள்வரை மீட்டரில் நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே புதிய இழைக்கு ஒழுங்கு குறைவாகத் தேவை என்பது தலைகீழ் வாதம்.

இழப்பையும் முறிவையும்விட முக்கியமானதாக நான் கருதுவது வேறு: பக்கத்து இழையைத் தொந்தரவு செய்யாமல் ஒரே ஓர் இழையைத் தொட முடிகிறதா என்பது. ஒரு கேபிளில் 12 ட்யூப், ட்யூபுக்கு 12 இழை என்றால் 144. நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா, ரோஜா, நீலப்பச்சை என்று பன்னிரண்டு நிறங்கள் வரிசையாக வரும். இந்த 144-ல் பழுதானது ஒன்று, மற்ற 143-ல் மருத்துவமனையும் வங்கியும் செல்பேசிக் கோபுரமும் ஓடிக்கொண்டிருக்கலாம். ட்ரே கீல் போட்டதுபோலத் தனித்தனியாகத் திரும்பி, உபரி இழை ஒரே திசையில் சுற்றி, எண் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தால், தேவையான இழையை மட்டும் பிரித்து ஒட்டிவிட்டு வந்துவிடலாம். எல்லாம் ஒரே கொத்தாகக் கிடந்தால், ஒன்றை இழுக்கும்போது நான்கு அசையும், அசைந்ததில் ஒன்று முறியும். ஒரு புகாரைத் தீர்க்கப் போனவர் மூன்று புகாரை உண்டாக்கிவிட்டு வருவதற்குக் காரணம் பெரும்பாலும் அவர் கை அல்ல, அவருக்கு முன் வந்தவரின் கை. சரியான இழை எதுவென்று தெரியாமல் ஒவ்வொரு கனெக்டராகக் கழற்றிப் பார்ப்பது இன்னும் மோசம். கனெக்டரின் முகத்தில் ஒளி வரும் பரப்பே 9 மைக்ரான்தான். அதில் ஒரு தூசி உட்கார்ந்தால் போதும். துடைத்து, சிறு நுண்ணோக்கியில் பார்த்து, பிறகு சொருக வேண்டும். சட்டையில் துடைத்துச் சொருகுகிற பழக்கம் எத்தனை போர்ட்டுகளைத் தின்றிருக்கும் என்பதற்குக் கணக்கே கிடையாது. உபரி இழைக்கும் ஓர் ஆயுள் உண்டு. ஒவ்வொரு முறை வெட்டி ஒட்டும்போதும் சில சென்டிமீட்டர் செலவாகும். ட்ரேயில் விட்டுவைத்த ஒரு மீட்டர் என்பது எதிர்காலத்தில் செய்யக்கூடிய பழுதுபார்ப்புகளின் எண்ணிக்கை. அவசரத்தில் அதைக் குட்டையாக வெட்டியவர் அந்த எண்ணிக்கையை யாரிடமும் சொல்லாமல் குறைத்துவிட்டுப் போகிறார்.

இணைப்பு அறுவதெல்லாம் தெருவில் ஜேசிபியால்தானே, பெட்டிக்குள் பார்த்து என்ன ஆகப் போகிறது என்பார்கள். தெருவில் நடப்பதை மறுக்க முடியாது. ஒருங்கிணைப்பில்லாமல் தோண்டுவதால் ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் நட்டம் என்று மத்திய அரசே சொல்லி, தோண்டும் முன் தகவல் கேட்பதற்கான செயலியை 2023 மார்ச்சில் தொடங்கியது. ஆனால் அறுந்த கேபிள் எவ்வளவு நேரத்தில் உயிர் பெறும் என்பதை ஜேசிபி தீர்மானிப்பதில்லை. அருகிலுள்ள சேம்பரில் போதுமான லூப், அதாவது உபரிக் கேபிள் சுருள், விட்டிருந்தால் கேபிளை இழுத்து ஒரே இடத்தில் ஒட்டிவிடலாம். 24 இழைக் கேபிளுக்கு 24 ஸ்ப்ளைஸ். லூப் இல்லையென்றால் நடுவில் புதுத் துண்டு சேர்க்க வேண்டும். இரண்டு ஜாயிண்ட், 48 ஸ்ப்ளைஸ், இரு மடங்கு நேரம், எப்போதைக்கும் கூடுதலாக ஒரு ஜாயிண்டின் இழப்பு.

ஒழுங்கு வெறும் பார்வைக்கானது என்பவர்களுக்கு, ஃபைபர் அல்லாத ஓர் எடுத்துக்காட்டு. 1988 மே 8 அன்று அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ஹின்ஸ்டேல் தொலைபேசி நிலையத்தில் தீப்பிடித்தது. கேபிள் தட்டில் உறை சேதமான மின்வடம் ஒன்று உலோக உறையுள்ள வடத்தைத் தொட்டதில் தொடங்கியது அது. உள்ளூரில் 35,000 பேரின் தொலைபேசி அடங்கிப்போனதோடு, சிகாகோவின் ஓஹேர் விமான நிலையத் தகவல்தொடர்பும் பாதிக்கப்பட்டது. சேவை முழுமையாகத் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. இன்றைய கருவி அறைகளில் ஃபைபருக்கென்று மஞ்சள் நிறத்தில் தனித் தடம் ஓடுவதையும், கனத்த மின்வடங்களின் அடியில் பேட்ச் கார்டைத் திணிக்கக்கூடாது என்ற விதியையும் படிக்கும்போது இப்படிப்பட்ட சம்பவங்களை நினைத்துக்கொள்வது நல்லது.

மிச்சமிருப்பது செலவு. ஃபைபர் திட்டத்தில் பெரும்பணம் தோண்டவும் புதைக்கவும் கம்பம் ஏறவும் போகிறது. நல்ல ட்ரேக்கும் மட்டமான ட்ரேக்கும் உள்ள விலை வித்தியாசம் அதில் ஒரு மூலைக்கு வராது. உண்மையான செலவு ஆள் நேரம். ஸ்ப்ளைஸ் எண்ணிக்கைக்குக் கூலி என்பதே பரவலான வழக்கம். ஒட்டினால் காசு, அடுக்கினால் காசில்லை என்று வைத்துவிட்டு, வெயிலில் கம்பத்தடியில் குந்தியிருப்பவர் பொறுமையாகச் சுருட்டி வைக்கவில்லையே என்று கோபித்துக்கொள்வதில் நியாயமில்லை. துணை ஒப்பந்தக்காரருக்குக் கீழே இன்னொரு துணை ஒப்பந்தக்காரர் என்று இறங்க இறங்க, பெட்டியை மூடுபவருக்கும் அதை மறுபடி திறக்கப்போகிறவருக்கும் எந்தத் தொடர்பும் இருப்பதில்லை.

2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் பெற்ற திருத்திய பாரத்நெட் திட்டம் இந்த இடத்தில் ஒரு நல்ல திருப்பம். கட்டிய நிறுவனமே பத்து ஆண்டு பராமரிக்கவும் வேண்டும் என்கிறது அது. ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கத்தில் ஓட, நேர்கோட்டுக்குப் பதில் வளைய அமைப்பைக் கேட்கிறது. தான் மூடிய பெட்டியைத் தானே திறக்க வேண்டியிருக்கும் என்றால் மூடும் விதம் மாறத்தான் செய்யும். இதோடு இன்னும் மூன்றைச் சேர்க்கலாம். வேலையை ஏற்கும் முன் ஒவ்வொரு ட்ரேயையும் மூடி திறந்த நிலையில் படம் எடுத்து இழைப் பதிவேட்டோடு இணைப்பது, 1310-ல் மட்டும் அளக்காமல் 1625-லும் அளப்பது, அடுக்குவதற்குத் தனிக் கூலி நிர்ணயிப்பது. இவற்றுக்குப் புதுத் தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். அரசுத் திட்டத்துக்கு வெளியே, மின்கம்பங்களிலும் அடுக்குமாடி வாசல்களிலும் தொங்கும் பெட்டிகளைத்தான் எந்த ஒப்பந்தமும் கட்டுப்படுத்தவில்லை. எண்ணிக்கையில் அவையே அதிகம். பத்து கிகாபிட் சேவைக்கு மாறும்போது அவற்றில் பலவற்றை எப்படியும் திறந்தாக வேண்டியிருக்கும்; அந்தச் செலவை நிறுவனம் ஏற்குமா, கேபிள் ஆபரேட்டர் ஏற்பாரா, மாதக் கட்டணத்தில் வந்து விழுமா என்பது இன்னும் யாரும் பேசாத கணக்கு.