முதுகில் போடும் ஊசி முதுகுவலியைத் தருமா?

“சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டார்கள், அன்று பிடித்த வலி இன்னும் விடவில்லை.” இப்படிச் சொல்லும் அம்மாக்கள் நம் வீடுகளில் நிறைய. அறுவைக்கு நாள் குறித்திருப்பவர்கள் இதைக் கேட்டால் அடிவயிறு கலங்கத்தான் செய்யும்.

வளர்ந்தவர்களுக்குத் தண்டுவடம் பெரும்பாலும் இடுப்பின் முதலிரண்டு முள்ளெலும்புகளின் அளவிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி இறங்குவது அதற்கும் கீழே, நரம்பு வேர்கள் திரவத்தில் மிதக்கும் இடத்தில். அங்கே செலுத்தும் புபிவக்கெய்ன் என்ற மரப்பு மருந்து, நரம்புகளின் சோடியம் வாயில்களை அடைக்கிறது. வலிச் செய்தி மூளைக்கு ஏறுவதில்லை. சில மணி நேரத்தில் மருந்து ரத்தத்தில் கலந்து வெளியேற, மரத்திருந்த கால் அசையத் தொடங்கும்.

குத்திய இடத்தில் சில நாள் நோவு இருக்கலாம். ஆனால் ஆண்டுக்கணக்கான முதுகுவலிக்கு இந்த ஊசிதான் காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. கர்ப்பத்தில் தளர்ந்த மூட்டிணைப்புகள், குனிந்தே பாலூட்டுவது, பிள்ளையைத் தூக்குவது... முதலில் பார்க்க வேண்டியவை இவை.

உண்மையில் கவனிக்க வேண்டியது தலைவலி. துளை வழியே திரவம் கசிந்தால், எழுந்து உட்கார்ந்ததும் தலை வலிக்கும், படுத்தால் குறையும். 1898இல் முதுகில் ஊசி போடும் இம்முறையைக் கையாண்ட ஜெர்மானிய மருத்துவர் ஆகஸ்ட் பியருக்கே இது வந்தது. இன்றைய மெல்லிய, பென்சில் முனை ஊசிகளால் வெகுவாகக் குறைந்திருக்கிறது. வந்தாலும் மருத்துவம் உண்டு, பொறுத்துக்கொண்டு கிடக்காதீர்கள்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், அதை மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே கட்டாயம் சொல்லிவிடுங்கள்.