ஐயப் பட்டியலும் ஆயுத உரிமையும்
அமெரிக்க விவாதம் ஒன்றைக் குறித்து இறையியல் நோக்கில் சில எண்ணங்கள்

பயங்கரவாதி என்று அரசு ஐயுறும் ஒருவருக்குத் துப்பாக்கி விற்கலாமா? இவ்வினாவை நம் நாட்டில் எழுப்பினால் கேட்போர் வியப்படைவர். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி இங்கே துப்பாக்கி என்பது உரிமம் பெற்றவர் மட்டும் வைத்திருக்கக்கூடிய பொருள். வேண்டுபவர்தான் தம் தகுதியைக் காட்ட வேண்டும். ஐக்கிய அமெரிக்க நாட்டிலோ நிலைமை வேறு. 1791இல் அந்நாட்டு அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட இரண்டாம் திருத்தம் ஆயுதம் தாங்கும் உரிமையைப் பற்றிப் பேசுகிறது. அது தனி மனிதருக்குரிய உரிமையே என்று 2008இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்னும் கணக்கில் தீர்ப்பளித்தது. ஆகவே அங்கே மறுப்பவரே காரணம் காட்டக் கடமைப்பட்டவர். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டாலன்றி அங்கு நடந்துவரும் விவாதம் நமக்கு விளங்காது.

துப்பாக்கி விற்பனையைப் பற்றி எழுந்த இவ்விவாதம், ஒருவர் சொல்வதைக் கேளாமலே அவரைக் குறித்துத் தீர்மானிக்கலாமா என்னும் பழைய வினாவில் வந்து நிற்கிறது. அவ்வினா திருமறையிலும் உண்டு. ஆதலின் இதனை அயல்நாட்டு அரசியல் என்று நாம் ஒதுக்கிவிட இயலாது.

பட்டியல் உருவான விதம்

2001 செப்டம்பர் 11ஆம் நாள் காலையில், விமானத்தில் ஏற்றக்கூடாதவர் என்று அமெரிக்க விமானத்துறை குறித்து வைத்திருந்த பெயர்கள் இருபதுகூட இல்லை. அன்றைய பேரழிவுக்குப் பின், பல துறைகள் தனித்தனியே வைத்திருந்த பட்டியல்கள் ஒன்றாக்கப்பட்டன. இதற்கென 2003இல் எஃப்.பி.ஐ. புலனாய்வுத் துறையின் பொறுப்பில் ஒரு மையம் நிறுவப்பட்டது. 2017இல் அப்பட்டியலில் ஏறத்தாழ 11.6 இலட்சம் பேர் இருந்தனர். அவர்களுள் அமெரிக்கக் குடிமக்களும் நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றோரும் 4,600 அளவினர். விமானப் பயணத் தடைப் பட்டியல் என்பது இப்பெரும் பட்டியலின் ஒரு பகுதியே. 2016இல் அதில் சுமார் 81,000 பேர் இருந்தனர்.

ஒருவர் பெயரைச் சேர்க்க எத்துணைச் சான்று வேண்டும்? குற்றச்சாட்டு வேண்டுவதில்லை, நீதிபதியின் ஆணையும் வேண்டுவதில்லை. ‘நியாயமான ஐயம்’ இருந்தாற் போதும். பெயர் சேர்க்கப்பட்டவருக்கு அறிவிப்பும் வராது. விமான நிலையத்தில் தடுக்கப்படும்போதுதான் அவர் அறிகிறார். அப்போதும் காரணம் அறியார்.

இத்தகைய ஏற்பாட்டில் பிழைகள் நேர்வது இயல்பே. 2004இல் செனட் உறுப்பினர் எட்வர்டு கென்னடி விமான நிலையங்களில் பன்முறை தடுக்கப்பட்டார். பட்டியலிலிருந்த ஒரு புனைபெயர் அவர் பெயரை ஒத்திருந்ததே காரணம். நாடறிந்த தலைவரான அவருக்கே அதனைச் சரிசெய்யப் பல வாரங்கள் பிடித்தன. நெல்சன் மண்டேலாவும் அவருடைய ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசாரும் அமெரிக்கக் கண்காணிப்பிலிருந்து சட்டத்தின்வழி நீக்கப்பட்டது 2008 ஜூலையில்தான். அம்மாதத்தில் அவருக்கு வயது தொண்ணூறு நிறைந்தது. அமைதிக்கான நோபல் பரிசு பெற்று அப்போது பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன!

இவையெல்லாம் பெரியவர்களைப் பற்றியன; இவற்றைச் சொல்லிச் சிரித்துவிடலாம். சிரிக்க இயலாத நிகழ்ச்சி ஒன்று உண்டு. மலேசிய நாட்டைச் சேர்ந்த இசுலாமியப் பெண்மணி ஒருவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். 2005 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில், நோயினால் சக்கர நாற்காலியில் வந்திருந்த அவரைக் கைவிலங்கிட்டு அழைத்துச் சென்றனர். பின்னர் அவர் தாய்நாடு சென்றார். அமெரிக்கா திரும்ப அனுமதி கிடைக்கவில்லை. அவர் தொடுத்த வழக்கை அரசு பல ஆண்டுகள் தடுத்துப் போராடியது. அரசு இரகசியம் என்று சொல்லியும் பார்த்தது. 2013 டிசம்பரில் விசாரணை நடந்தபோது, அமெரிக்கக் குடியுரிமை பெற்ற அவருடைய மகள் சாட்சி சொல்ல வருவதற்கு விமானம் ஏற முடியாமற் போயிற்று. 2014இல் நீதிபதி வில்லியம் அல்சப் அளித்த தீர்ப்பில் உண்மை வெளிவந்தது. எஃப்.பி.ஐ. அலுவலர் ஒருவர் 2004இல் படிவம் ஒன்றை நிரப்பும்போது, அதிலிருந்த குறிப்பைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு தவறான கட்டங்களில் குறியிட்டுவிட்டார். அந்த அம்மையாரைத் தடைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்னும் எண்ணமே அவருக்கு இருந்ததில்லை. ஒரு பேனாக் கோட்டின் பிழை வெளிப்பட ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அவர் அச்சுறுத்தல் உடையவர் அல்லர் என்பதை அரசும் வழக்கில் ஒப்புக்கொண்டது.

துப்பாக்கி வினா

இனி மறுபக்கத்தைக் காண்போம், அதுவும் இலேசானதன்று. அமெரிக்காவில் உரிமம் பெற்ற வணிகரிடம் துப்பாக்கி வாங்க வருபவருடைய பின்புலம் சோதிக்கப்படும். பெருங்குற்றத்திற்காகத் தண்டனை பெற்றவர் போன்ற சிலருக்கு விற்கலாகாது. ஆனால் கண்காணிப்புப் பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் கூட்டாட்சிச் சட்டப்படி தடையாகாது. 2004 பிப்ரவரி முதல் 2014 முடிய, பட்டியலிலுள்ளோர் 2,233 முறை துப்பாக்கி வாங்க முயன்றனர் என்றும், 2,043 முறை சோதனையில் தடை ஏதும் எழவில்லை என்றும் காங்கிரசின் தணிக்கை அலுவலகம் தெரிவித்தது. விமானத்தில் ஏற்றக்கூடாத அளவுக்கு அஞ்சத்தக்கவர் கடைக்குச் சென்று துப்பாக்கி வாங்கலாம் என்பது எவருக்கும் பொருந்தாததாகத் தோன்றும்.

2015 டிசம்பரில் சான் பெர்னார்டினோவில் 14 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனையடுத்து, பறக்கத் தடையுள்ளவருக்குத் துப்பாக்கி விற்பனையையும் தடைசெய்ய வேண்டும் என்று குடியரசுத் தலைவர் ஒபாமா காங்கிரசைக் கேட்டுக்கொண்டார். 2016 ஜூன் 12 அன்று ஒர்லாண்டோ நகரில் 49 பேர் கொல்லப்பட்டனர். கொலைகாரன் முன்பு எஃப்.பி.ஐ. விசாரணைக்கு உள்ளாகிக் கண்காணிப்புப் பட்டியலில் இருந்தவன். விசாரணை முடிந்ததும் பெயர் நீக்கப்பட்டது. பின்னர் அவன் சட்டப்படியே துப்பாக்கிகள் வாங்கினான். எட்டு நாட்கள் கழித்து இரு முன்மொழிவுகள் செனட் அவையில் வாக்கெடுப்புக்கு வந்தன. டயேன் ஃபைன்ஸ்டைன் அம்மையாருடையது, ஐயத்திற்குரியவருக்கு விற்பனையை மறுக்கும் அதிகாரத்தை நாட்டின் தலைமை வழக்கறிஞருக்கு அளிப்பது. ஜான் கார்னின் என்பாருடையது, விற்பனையை மூன்று நாட்கள் நிறுத்திவைத்து, அதற்குள் அரசு நீதிமன்றத்தில் தக்க காரணம் காட்ட வேண்டும் என்பது. முன்னதற்கு 47 வாக்குகளும் பின்னதற்கு 53 வாக்குகளும் கிடைத்தன. தேவையான 60 இரண்டிற்கும் இல்லை.

இவ்விடத்தில் ஒரு மனிதரைக் குறிப்பிட வேண்டும். நாஷ்வில் நகரின் பாப்திஸ்து இறையியல் கல்லூரியில் நம் மாணவர்களைப் போலவே பயின்று, குருத்துவ அபிஷேகமும் பெற்றவர் ஜான் லூயிஸ். 1965 மார்ச் 7ஆம் நாள் செல்மா நகரின் பாலத்தில் வாக்குரிமைக்காக நடந்து சென்று, காவலரின் தடியால் மண்டை உடைபட்டவர். பிற்காலத்தில் பிரதிநிதிகள் அவையில் நீண்டநாள் உறுப்பினராயிருந்தார். 2016 ஜூன் 22 அன்று அவரும் அவருடைய தோழர்களும் அவையின் நடுவே தரையில் அமர்ந்து, ஒரு நாளுக்கு மேலாக எழ மறுத்தனர். அவர்கள் வேண்டியவற்றுள் ஒன்று, பறக்கத் தடையுள்ளவருக்குத் துப்பாக்கியும் தடை என்பதே. ஆயினும் அதே ஜான் லூயிஸ், பட்டியலில் தம் பெயருக்கு ஒத்த பெயர் இருந்தமையால் 2004 வாக்கில் விமான நிலையங்களில் பன்முறை தடுத்து நிறுத்தப்பட்டவர்!

இம்முரண்பாட்டை அவருடைய எதிரிகள் ஏளனமாகச் சுட்டினர். நாம் அங்ஙனம் செய்யத் துணியோம். தாம் பட்ட அவமதிப்பை இறந்தோரின் இரத்தத்தோடு ஒப்பிட்டு, முன்னதைச் சிறிதென்று அவர் எண்ணியிருக்கலாம். ஓராண்டுக்கு முன்னர்தான், 2015 ஜூன் 17 அன்று, சார்ல்ஸ்டன் நகரின் இம்மானுவேல் ஆலயத்தில் வேதபாடத்துக்குக் கூடியிருந்த ஒன்பது பேர், தாம் வரவேற்று அமர்த்திய இளைஞனாலேயே சுடப்பட்டு மாண்டனர். ஆனால் அங்கே தவறியது கண்காணிப்புப் பட்டியல் அன்று. சாதாரணப் பின்புலச் சோதனை. குறித்த மூன்று வேலை நாட்களுக்குள் அது முடியாமையால் விற்பனை நடந்துவிட்டது. கடைப்பிடிக்க வேண்டிய வெளிப்படையான சட்டத்தைச் சரிவரக் கடைப்பிடித்திருந்தாலே அந்தத் துப்பாக்கி அவன் கைக்குச் சென்றிராது என்பதை நாம் மறத்தலாகாது.

துப்பாக்கி உரிமைச் சங்கத்தாரும் அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஒன்றியத்தாரும் ஃபைன்ஸ்டைன் முன்மொழிவை எதிர்ப்பதில் ஒரே பக்கம் நின்றது விந்தையே. ஒன்றியத்தாரோ அதற்கு முன்பே பட்டியலை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர்கள். அவர்கள் நடத்திய வழக்கில், முறையிடுவோருக்கு அரசு வைத்திருந்த ஏற்பாடு அரசியலமைப்புக்கு முரணானது என்று ஓரிகன் மாநில நீதிபதி ஆன்னா பிரௌன் 2014இல் தீர்ப்பளித்தார். அதன்பின் 2015 முதல், குடிமக்கள் முறையிட்டால் தாம் பட்டியலில் உள்ளனரா என்பதை அரசு தெரிவிக்கலாயிற்று. ஆனால் பெரும்பாலோர் காதில் பட்டியலின் குறைகள் விழுந்தது அது துப்பாக்கியைத் தொட்டபோதுதான். அயல்நாட்டில் மரணப்படுக்கையில் கிடக்கும் தாயைக் காணச் செல்ல முடியாத மகனின் அழுகை பத்தாண்டுகளாக எவரையும் அசைக்கவில்லை. ஆயுதத்தைப் பற்றிய அச்சம் வந்ததும் சட்ட நடைமுறையின் அருமை நினைவுக்கு வந்தது. இதனை நாம் சற்றுக் கசப்போடுதான் எழுதுகிறோம்.

திருமறை காட்டும் வழி

ஆயுதம் வைத்திருத்தலை இறைவன் அருளிய உரிமை என்று பேசும் கிறிஸ்தவர் அந்நாட்டில் உளர். அதற்குத் திருமறையில் ஆதாரம் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. பிறர் உயிரைக் காக்கும் பொறுப்பைப் பற்றியோ தெளிவான கட்டளைகள் உள. வீட்டின் மேல்மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டாதவன் மேல் இரத்தப்பழி சுமரும் (உபா. 22:8). முட்டும் மாட்டைக் கட்டிவைக்காத உரிமையாளன் அம்மாடு கொன்ற உயிருக்குப் பொறுப்பாளி (யாத். 21:29). தீங்கு நேருமுன் தடுப்பது கடமை என்பது இவற்றால் விளங்கும். ஆகவே ஆபத்தானவர் கையில் ஆயுதம் சேராமற் காப்பதை நாம் முழு மனத்தோடு ஆதரிக்கிறோம்.

எனினும் அம்மாட்டுச் சட்டத்தை இன்னொரு முறை ஊன்றிப் படித்தல் வேண்டும். மாடு முன்பே முட்டும் பழக்கமுடையதாயிருந்தது என்பது மட்டும் போதாது. அது உரிமையாளனுக்கு அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதும் அங்கே நிபந்தனை. அறிவிப்பின்றிப் பொறுப்புச் சுமத்தப்படுவதில்லை. மாட்டின் காரியத்தில் இவ்வளவு நுணுக்கம் காட்டும் சட்டம், மனிதரின் காரியத்தில் அதனைக் கைவிடச் சொல்லுமோ?

பெஸ்துவின் நிலைமையும் கருதத்தக்கது. அவன் நீதிமான் அல்லன். யூதர்களுக்குத் தயவு செய்ய மனதாயிருந்த அரசு அதிகாரி. எனினும் குற்றஞ்சாட்டப்பட்டவர் சாட்டுவோரை முகமுகமாய்க் கண்டு மறுமொழி சொல்ல இடம் பெறுமுன் தண்டிப்பது உரோமர் வழக்கமன்று என்று அகிரிப்பாவிடம் கூறுகிறான் (அப். 25:16). பவுலை இராயனிடம் அனுப்புகையில் குற்றம் இன்னதென்று எழுத ஒன்றுமில்லையே என்று தவிக்கிறான் (25:27). அத்தவிப்பு அரசுக்கு வேண்டும். இரகசியப் பட்டியல் வைத்திருப்பவருக்கு அத்தவிப்பே எழுவதில்லை. ஏனெனில் அவர் எவருக்கும் எதையும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

நிக்கொதேமுவும் இதையே கேட்டார் (யோவா. 7:51). கிடைத்த விடை, அவரும் கலிலேயரோ என்னும் ஏளனமே. ஐயத்திற்குரியவரைக் கேட்டறிய வேண்டும் என்று சொல்பவர் தாமும் ஐயத்திற்குள்ளாவது அன்று தொட்டு இருந்து வருகிறது.

போதகர்களாகிய நம்மை நேராகத் தொடும் செய்தியும் இதில் உண்டு. இசுலாமியர் சிலர், தம் சமயத்தாரை வேவு பார்க்க மறுத்தமையால் எஃப்.பி.ஐ. அலுவலர் தம்மைத் தடைப் பட்டியலில் வைத்தனர் என்று வழக்குத் தொடுத்தனர். 1993ஆம் ஆண்டின் சமய உரிமை மீட்புச் சட்டப்படி அவ்வலுவலர்களிடமே இழப்பீடு கேட்க அவர்களுக்கு வழியுண்டு என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது. குற்றச்சாட்டு உண்மையா என்பதை அது தீர்க்கவில்லை. வழக்கைக் கேட்க வேண்டும் என்றது. தொழுகைக் கூட்டத்தில் அருகிலிருப்பவர் அரசின் செவியோ என்று ஐயுறத் தொடங்கினால் அங்கே ஐக்கியம் நிலைக்குமா? அறிக்கையிட வரும் ஒருவர் தம் ஆயரிடம் வாய் திறப்பாரா? பள்ளிவாசலுக்கு நேர்வது ஆலயத்துக்கு நேராது என்று எண்ணுதற்கு ஆதாரமில்லை.

அமெரிக்க நீதிமன்றங்களே ஒரு வழியைக் காட்டியுள்ளன. 2024 ஜூனில் ரஹீமி வழக்கில், குடும்ப வன்முறைத் தடையாணைக்கு உட்பட்டு, பிறர் உயிருக்கு ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கண்டறிந்தவரிடமிருந்து துப்பாக்கியை விலக்கலாம் என்று எட்டுக்கு ஒன்று என்னும் கணக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கே அறிவிப்பு உண்டு, கேட்கப்படும் வாய்ப்பு உண்டு, நீதிபதி உண்டு. கார்னினின் முன்மொழிவு நீதிமன்றத்தை நாடியது சரியே. ஆனால் அவ்வளவு உயர்ந்த சான்றை மூன்றே நாட்களில் காட்ட எந்த அரசாலும் இயலாது. அது கதவைத் திறப்பதுபோல் மூடியது. நாட்களை நீட்டி, மறுக்கப்பட்டவருக்கு வழக்கறிஞரின் துணையையும் அளித்திருந்தால், இரு சாராரும் கூடிவர இடமிருந்தது என்பது நம் கருத்து.

ஜான் லூயிஸ் 2020 ஜூலை 17 அன்று காலமானார். அவர் தரையில் அமர்ந்து கேட்ட சட்டம் நிறைவேறவில்லை. 2024 மார்ச்சில், தடைப் பட்டியலில் வைக்கப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்ட குடிமகன் ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. தம் பள்ளிவாசலைக் குறித்துத் துப்புக் கொடுத்தால் பெயரை நீக்குவதாகத் தமக்குச் சொல்லப்பட்டது என்பது அவருடைய முறையீடு. பெயரை எடுத்துவிட்டோம், ஆகவே வழக்கு முடிந்தது என்று அரசு வாதிட்டது. அங்ஙனம் முடியாது என்று நீதிபதிகள் அனைவரும் ஒருமுகமாகக் கூறினர். ஏன் சேர்க்கப்பட்டார் என்று கேட்க அவருக்கு இன்னும் உரிமை உண்டு.