ஜமாத்தில் பெண்ணுக்கும் இடம் வேண்டும்

புதுச்சேரி முல்லா வீதியானாலும் சரி, வேறெந்த ஊரானாலும் சரி, எங்களுக்கு நிக்காஹ் பதிவாவது ஜமாத் தஃப்தரில். புருஷன் பெண்சாதி சண்டை என்றாலும் முதலில் ஜமாத்துக்குத்தான் போகிறோம். ஆனால் யாருடைய வாழ்க்கையைப் பேசுகிறார்களோ, பெரும்பாலும் அவள் மட்டும் அங்கே இருக்க மாட்டாள்!

2014-ல் என் தங்கை மகளுக்கு இதுதான் நடந்தது. மாப்பிள்ளை வெளிநாட்டில். கொடுத்த கைக்கூலி போதவில்லை என்று ஆரம்பித்து, போனிலேயே முத்தலாக் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை ஊர் ஜமாத்தில் விசாரணை. அவளுக்காக அவள் அத்தாவும் மாமாவும் போனார்கள். அடி வாங்கினதையும், அதுக்கு மேலேயும் நடந்ததையும் பெற்ற தகப்பனிடமே அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. பத்து ஆம்பளைங்க முன்னால் அவர் என்னத்தைச் சொல்வார்? தீர்ப்பு மட்டும் வீட்டுக்கு வந்தது.

ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் செல்லாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019 சட்டம் அப்படிச் சொல்பவருக்கு 3 வருடம் வரை சிறை என்கிறது. சரி, அவர் உள்ளே போய்விட்டால் பிள்ளைக்குப் பால் வாங்க யார் காசு கொடுப்பது? என்னைக் கேட்டால், விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் மற்றப் பெண்களைப் போலவே ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 2024 ஜூலையில் வந்த தீர்ப்புதான் உருப்படியானது.

புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா கானம் பெண்களுக்கென்றே ஒரு ஜமாத்தை நடத்திக் காட்டினார். பாதிக்கப்பட்டவளே எதிரில் உட்கார்ந்து பேசுவாள், கேட்பவர்களும் பெண்கள். மார்க்கத்துக்கு விரோதம் என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. குலா கேட்கும் உரிமையையும், மஹர் அவளுக்கே சொந்தம் என்பதையும் மார்க்கம்தானே கொடுத்தது?

தனி ஜமாத் எல்லாம் நான் கேட்கவில்லை. குடும்ப விவகாரம் வரும்போது இரண்டு பெண்களையும் உட்கார வையுங்கள் என்கிறேன். ஆலிமா படித்த பெண்கள் இன்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் எங்க புள்ளைங்க வாயைத் திறக்கும்.

கோர்ட் என்றாலே பயப்படும் சகோதரிகளுக்கு ஒரு தகவல்: 1987-ம் வருடச் சட்டப்படி பெண்களுக்கு இலவசமாக வக்கீல் உண்டு. வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது. சட்டப்பணிகள் ஆணையத்தில் மனு கொடுங்கள். நிக்காஹ் பதிவு நகலைக் கையோடு எடுத்துப் போங்கள்.

– ஒரு வாசகி, புதுச்சேரி.