லைசென்ஸ் ஃபார்மில் அந்த ஒரு டிக்

லைசென்ஸுக்கு அப்ளை பண்ணும்போது ஃபார்மில் ஒரு கேள்வி இருந்திருக்கும், கவனிச்சீங்களா? விபத்தில் இறந்துவிட்டால் உறுப்பு தானம் செய்ய விருப்பமா என்று. அதுக்கு "இல்லை" போடுற பலர் சொல்ற காரணம் ஒண்ணுதான்: "ஆமான்னு போட்டா ஐசியூவில் நம்மைக் காப்பாத்தவே மாட்டாங்க மச்சி."

நியாயமான பயம்தான். ஆனா சட்டமும் இதே பயத்தை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. இந்தியாவில் இதற்கான மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-இல் வந்தது, 2011-இல் திருத்தப்பட்டது. மூளைத்தண்டு இறப்பை ஒரே டாக்டர் அறிவிக்க முடியாது. 4 பேர் கையெழுத்து வேண்டும்: மருத்துவமனையின் பொறுப்பு மருத்துவர், சிகிச்சை கொடுத்தவர், நரம்பியல் நிபுணர், அப்புறம் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருந்து வரும் தனி நிபுணர் ஒருவர். நம்ம வைவாவுக்கு எக்ஸ்டர்னல் வர்ற மாதிரி. உறுப்பைப் பொருத்தப்போகும் டீமுக்கு இதில் இடமே கிடையாது. டெஸ்ட்டும் ஒரு தடவை போதாது. குறைந்தது 6 மணி நேரம் கழித்து மறுபடி முழுசா செய்யணும். வென்டிலேட்டரை எடுத்தால் தானாக மூச்சு வருகிறதா என்று பார்ப்பதும் அதில் ஒன்று. அனுமதியில்லாமல் உறுப்பை எடுத்தால் 10 ஆண்டு வரை சிறை, 20 லட்சம் ரூபாய் வரை அபராதம். அதே நேரம், சட்டப்படி நல்லெண்ணத்தோடு செயல்பட்ட டாக்டர் மேல் வழக்குப் போட முடியாது. அந்தப் பாதுகாப்பு இல்லைன்னா எந்த டாக்டர் கையெழுத்துப் போடுவார்?

சரி, டிக் போட்டாச்சு, வேலை முடிஞ்சுதா? இல்லை. சட்டம் கேட்பது எழுத்தில் சம்மதம், 2 சாட்சிகள், அதில் ஒருவராவது நெருங்கிய உறவினர். நடைமுறையில் ஐசியூ வாசலில் நிற்கும் அம்மா அப்பாவிடம்தான் கேட்பார்கள். அதனால் வீட்டில் சொல்லிவைங்க. மனசு மாறினால் எப்ப வேணும்னாலும் வாபஸ் வாங்கலாம். உறுப்பை எடுப்பது, பாதுகாப்பது, கொண்டுபோவது எதற்கும் தானம் கொடுத்த குடும்பத்திடம் காசு வாங்கக் கூடாது என்று 2014 விதிகள் சொல்கின்றன. யாராவது பில் நீட்டினால் தைரியமா கேள்வி கேளுங்க.

உயிரோடு இருக்கும்போது கொடுப்பது வேற கதை. கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் ஆகியோர்தான் நெருங்கிய உறவு. மற்றவர்கள் என்றால் அங்கீகாரக் குழு முன்னால் போகணும். பணம் கைமாறவில்லை என்று குழு நம்பணும். விற்பனை என்று தெரிந்தால் 5 முதல் 10 ஆண்டு சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி வரை அபராதம். எனக்கு உறுத்துற இடம் இதுதான். வாங்கியவர், புரோக்கர் மட்டுமில்லை, கடனுக்காகக் கிட்னியை விற்றவரும் இதே பிரிவில் குற்றவாளி. பேசின பணத்தில் பாதியைக் கொடுத்து புரோக்கர் ஏமாத்தினாலும் அவர் எப்படி ஸ்டேஷனுக்குப் போவார்? தானம் செய்பவரைக் காக்கும் சட்டம் இவரை மட்டும் வெளியே நிறுத்திவிட்டது.

முழு உடல் தானம் இந்தச் சட்டத்துக்குள் வராது. அது மாநில உடற்கூறியல் சட்டங்களின் கீழ் மருத்துவக் கல்லூரிகளுக்குப் போகிறது. போஸ்ட்மார்ட்டம் ஆன உடலைப் பொதுவாக வாங்க மாட்டார்கள்.

பிளேஸ்மென்ட் ஆனவங்களுக்கு ஒரு தகவல்: உறுப்பு தானம் செய்யும் மத்திய அரசு ஊழியர்களுக்கு 2023 முதல் 42 நாள் வரை சிறப்பு விடுப்பு உண்டு. அந்த உத்தரவு ஐடி கம்பெனிக்குப் பொருந்தாது. ஆஃபர் லெட்டரோடு வரும் லீவ் பாலிசியைத்தான் பார்க்கணும்.