ரோலர் கோஸ்டரில் ஏறுமுன்

விடுமுறையில் கேளிக்கைப் பூங்காவுக்குச் செல்லவிருக்கும் தம்பதியர், "ஸ்டென்ட் பொருத்தியவர் ரோலர் கோஸ்டரில் ஏறலாமா?" என வினவுவதுண்டு. ஜெர்மனியின் ஹாஸ்லாக் ஊரிலுள்ள பூங்காவில், 62 மீட்டர் உயரமும் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகமும் கொண்ட ரோலர் கோஸ்டரில் நலமுள்ள 55 பேரை ஏற்றி மருத்துவர்கள் ஆராய்ந்தனர். 2005-ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, நிமிடத்திற்கு ஏறத்தாழ 90 ஆக இருந்த இதயத்துடிப்பு சராசரியாக 150-ஐக் கடந்தது. நடைப்பயிற்சியில் படிப்படியாக உயரும் துடிப்பு, இங்கே சில நொடிகளில் எகிறுகிறது. நலமான இதயம் அதைத் தாங்கும். இதயநோயோ கட்டுப்படாத இரத்த அழுத்தமோ உடையோருக்குத் துடிப்பின் சீர் குலையக்கூடும். ஆகவே ஸ்டென்ட் பொருத்தியவர் தம் மருத்துவரைக் கேளாமல் ஏற வேண்டா. கருவுற்றவர் ஏறவே கூடாது. துணைவர் மட்டும் ஏறட்டும். கீழே பையுடன் காத்திருப்பதில் குறையொன்றுமில்லை.

திடீர்த் திருப்பங்களில் தலை குலுங்குவதால், மிக அரிதாக, மூளையுறையின் கீழ் இரத்தம் மெல்லக் கசிந்து சேர்வதுண்டு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை உட்கொள்வோருக்கு இவ்வபாயம் கூடுதல். சவாரிக்குப் பின் நாட்கணக்கில் தலைவலி நீடித்தால் பயணக் களைப்பென ஒதுக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். சவாரி செய்ததையும் மறவாமல் கூறுங்கள்.